சாக் ஹில்ஸில் சாக் இல்லை: சொல், பொருள், உண்மை பற்றிய ஒரு கேள்விக்கு விளக்கம்

வணக்கம். ஓமலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியபடியே படிக்கிறேன். “ஐயா, சொல்லுக்குப் பொருள் கொடுத்தவர்கள் மனிதர்கள். சொற்களைக் கோத்தால் வாக்கியம். வாக்கியம்தான் உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கிறது. அப்படியானால் உண்மையும் மனிதர்கள் உண்டாக்கியதுதானே? யாராலும் சரிபார்க்கவே முடியாத ஒரு வாக்கியத்தை உண்மை என்றோ பொய் என்றோ சொல்வதில் அர்த்தம் இருக்கிறதா?”

தம்பி, இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதற்கு என்னிடம் உறுதியான பதில் உண்டு. இரண்டாவதோடு நான் வெகுகாலமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மேசையைப் பாருங்கள். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள். இரண்டு கற்கள், இரண்டும் வெள்ளை. இது சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். அது சேலத்து மேக்னசைட் ஜங்ஷன் பக்கத்தில் கிடைக்கும் நம் ஊர் வெள்ளைக்கல். நான் வேதியியல் ஆசிரியராக இருந்தவன், அந்தப் பழக்கம் விடவில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுண்ணாம்புக்கல்லின் மேல் ஒரு சொட்டு விடுகிறேன். பார்த்தீர்களா, உடனே நுரைத்துப் பொங்குகிறது. இப்போது வெள்ளைக்கல்லின் மேல் ஒரு சொட்டு. ஒன்றும் நடக்கவில்லை. கல் நனைந்தது, அவ்வளவுதான். இதிலிருந்து இடித்த தூளைக் கொஞ்சம் அமிலத்தோடு இந்தச் சோதனைக் குழாயில் போட்டு, வெந்நீர் டம்ளருக்குள் நிறுத்தி வைக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும், பேச்சைத் தொடர்வோம்.

ஏற்காட்டு மலையடிவாரத்தில் இந்த வெள்ளைக்கல் கிடைக்கும் குன்றுகளுக்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் சாக் ஹில்ஸ். சாக் என்றால் சீமைச்சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். அந்தக் குன்றுகளில் வெள்ளையாகத் தெரிவதோ மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். பெயர் இன்றைக்கும் புழங்குகிறது. பெயர் சொன்னால் இடமும் தவறாமல் புரிகிறது. ஆனால் “அங்கே இருப்பது சீமைச்சுண்ணாம்பு” என்று ஒருவர் சொன்னால் அது பொய். பெயர் வைக்கும் உரிமை நம்முடையது, வைத்த பெயருக்காகக் கல் மாறிக்கொள்ளாது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். ‘சுண்ணாம்பு’ என்ற ஒலி எதைக் குறிக்க வேண்டும் என்பது மக்கள் வழக்கு. அந்த வழக்கு நிலைபெற்ற பிறகு, இந்தக் கல் சுண்ணாம்பா இல்லையா என்பதை வழக்கு முடிவு செய்வதில்லை.

இதை வலுவாக வாதாடியவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஹிலரி பட்னம். 1975இல் வெளியான ஒரு கட்டுரையில் அவர் இன்னொரு பூமியைக் கற்பனை செய்தார். அங்கும் ஆறு ஓடுகிறது, மக்கள் குடிக்கிறார்கள், தாகம் தீர்கிறது. ஆனால் அந்தத் திரவத்தின் வேதிச் சேர்க்கை நம் தண்ணீரினுடையது அல்ல. இரண்டு பூமியிலும் ஒருவர் ‘தண்ணீர்’ என்று சொல்லும்போது மனத்தில் ஓடும் எண்ணம் ஒன்றுபோலவே இருந்தாலும், அவர்கள் குறிக்கும் பொருள் வேறு. ஆகவே பொருள் முழுவதும் நம் தலைக்குள் அடங்கிவிடவில்லை என்றார். சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு பூமி வேண்டியதில்லை, ஒரே மாவட்டத்தில் இரண்டு வெள்ளைக் கற்கள் போதும்.

ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி மக்னீசியம் சேர்ந்த மக்னீசியாவும் சுண்ணாம்பும் வேறு வேறு என்று நிறுவி எழுதியது 1756இல். அதற்கு முன்பு யாராவது இந்த வெள்ளைக்கல்லைக் கையில் எடுத்துச் சுண்ணாம்புக்கல் என்று சொல்லியிருந்தால், அன்றைக்கு அது உண்மையாக இருந்து 1756க்குப் பிறகு பொய்யாகிவிட்டதா? இல்லை, அன்றைக்கும் பொய்தான். காளவாயில் வேலை செய்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். சுட்ட சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, வெடித்து, நீறிப்போகும். சுட்ட வெள்ளைக்கல் அந்த வேகத்தில் நீறாது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நமக்கு இது தெரியாது, காளவாய்க்காரருக்குத் தெரியும். சொல் எல்லாருடையது, அதைச் சோதித்துப் பார்க்கும் திறன் சிலருடையது. இந்த வேலைப் பிரிவினையையும் அதே கட்டுரையில் பட்னம் எடுத்துக்காட்டுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் பிடித்த இடம். ‘பொருள்’ என்ற ஒரே சொல்லால் நாம் அர்த்தத்தையும் குறிக்கிறோம், கையில் எடுக்கும் பண்டத்தையும் குறிக்கிறோம். “எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே” என்கிறது தொல்காப்பியம். அடுத்த நூற்பாவிலேயே, சொல்லால் பொருளும் அறியப்படும், சொல்லே தன்னையும் அறிவிக்கும் என்று பிரித்துவிடுகிறது. “சேலம் வெயிலில் காய்கிறது” என்றால் ஊரைப் பற்றிய பேச்சு. “சேலம் மூன்றெழுத்து” என்றால் சொல்லைப் பற்றிய பேச்சு. தம்பி, உங்கள் வாதம் வழுக்கிய இடமும் இதுதான். சொல்லைப் பற்றிய உண்மை ஒன்றை எடுத்து, அதைக் கல்லின் மேல் ஏற்றிவிட்டீர்கள். ‘உண்மை’ என்ற சொல்லையே பாருங்கள். உள்ளதன் தன்மை என்பதுதான் அதன் அடி. இலக்கண உரைகளில் உண்மைக்கு எதிர்ச்சொல்லாக வருவது இன்மை.

ஆனால் சொல்லுக்கும் பண்டத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜெர்மானிய அறிஞர் ஃபிரேகே 1914இல் எழுதிய ஒரு கடித வரைவில் ஒரு மலை வருகிறது. தெற்கேயிருந்து பார்த்த பயணிக்கு ஊரார் சொன்ன பெயர் ஆஃப்லா. வடக்கேயிருந்து பார்த்த இன்னொருவருக்குச் சொன்ன பெயர் ஆதெப். பிறகு அளந்து பார்த்தால் இரண்டும் ஒரே மலை. “ஆஃப்லா ஆஃப்லாதான்” என்பதில் செய்தி எதுவும் இல்லை. “ஆஃப்லாதான் ஆதெப்” என்பதோ புவியியல் அறிவு. சேலத்திலிருந்து பார்க்கும் சேர்வராயன் மலையும் பொம்மிடிப் பக்கமிருந்து பார்க்கும் மலையும் வடிவத்தில் ஒட்டாது. பார்க்கும் பக்கத்துக்கு ஏற்ப மலை நமக்குத் தரப்படும் விதம் மாறுகிறது, மலை மாறவில்லை. அந்த விதத்தையும் பொருளின் ஒரு கூறாக ஃபிரேகே சேர்த்துக்கொண்டார்.

“‘பனி வெண்மையானது’ என்ற வாக்கியம் உண்மையாவது, பனி வெண்மையாக இருந்தால், இருந்தால் மட்டுமே” என்ற, போலந்துத் தர்க்க அறிஞர் டார்ஸ்கியின் வாய்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். தர்க்கத்துக்கு அது பெரிய கொடை. ஆனால் உண்மை நம்மைச் சாராதது என்பவரும், மனிதர் உண்டாக்கியது என்பவரும், இரு தரப்பாரும் அதை ஒப்புக்கொள்வார்கள் என்பதால், அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. “சரியாக ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, இதே நாள் மாலையில், சேர்வராயன் குகை வாசலில் மழை பெய்தது.” குறிப்பு இல்லை, சாட்சி இல்லை, தடயமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உண்மை அல்லது பொய், இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பவர் மெய்ம்மைவாதி. அப்படிச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டவர் இங்கிலாந்தின் மைக்கேல் டம்மெட். உண்மை பற்றிய அவருடைய கட்டுரை 1959இல் வந்தது. அவருடைய வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. ஒரு வாக்கியத்தின் பொருள் எனக்குத் தெரியும் என்றால், அந்த அறிவு நான் மொழியைக் கையாளுவதில் எங்காவது வெளிப்பட வேண்டும். மழையைக் குழந்தை எப்படிக் கற்கிறது? நனையும்போது, கூரையில் சத்தம் கேட்கும்போது, அம்மா சொல்லச் சொல்லக் கற்கிறது. எந்தச் சான்றுக்கும் எட்டாத ஓர் உண்மையை நாம் புரிந்துவைத்திருக்கிறோம் என்பதை எந்தச் செயலில் காட்டுவது? இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு என் வீட்டு வாசலிலேயே ஒரு பிடி கிடைத்தது. விடிந்ததும் ஈரத்தைப் பார்த்து “ராத்திரி மழை பெய்திருக்கிறது” என்கிறோம். பார்த்திருந்தால் “பெய்தது” என்போம். நேரில் கண்டதற்கு ஒரு வினைவடிவம், ஊகித்ததற்கு இன்னொன்று. சான்றை வினைக்குள்ளேயே வைத்திருக்கிறது தமிழ் என்று டம்மெட் பக்கம் நிற்பவர் மகிழ்வார். ஆனால் இரண்டு வடிவமும் ஒரே மழையைத்தான் சொல்கின்றன. யாரும் பாராமல் பெய்த மழை உண்டு என்பதைக் குழந்தை ‘பெய்திருக்கிறது’ என்று சொல்லும் அன்றைக்கே கற்றுவிடுகிறது. ஈரம் காய்ந்த பிறகு எழுந்திருந்தால் அந்த மழை பெய்யாமல் போயிருக்காது. டம்மெட் கேட்ட செயல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவர் இதை முழுதாக ஏற்கமாட்டார், அதுவும் எனக்குத் தெரியும். என்றாலும் மழை விஷயத்தில் நான் மெய்ம்மைவாதி.

அவரே தந்த இன்னோர் எடுத்துக்காட்டில் மட்டும் அவரிடம் தோற்கிறேன். வாழ்நாளில் ஓர் ஆபத்தையும் சந்திக்காமல் இறந்துபோன மனிதர் ஒருவர். “அவர் துணிச்சல்காரர்” என்பது உண்மையா, பொய்யா? மழைக்கு வானம் இருக்கிறது, கல்லுக்கு அதன் சேர்க்கை இருக்கிறது. சோதனைக்கே வராத துணிச்சலுக்கு அப்படி எதைக் காட்டுவேன்? அவருக்குள் ஏதோ ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று வாதாட எனக்கு மனம் வரவில்லை. இறந்த காலம், கணிதம், மனித குணம் என்று ஒவ்வொரு துறையிலும் இந்த வழக்கைத் தனித்தனியாக நடத்த வேண்டும் என்று டம்மெட்டே கருதினார். தம்பி, நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்களை உறுத்தும் வாக்கியங்களில் ஐந்தை எழுதி அனுப்புங்கள், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

அந்தக் குழாயை மறந்துவிட்டோமே. கேமராவை இப்படித் திருப்புங்கள். சூடு ஏறியிருக்கிறது. அடியில் பாருங்கள், தூளிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் மேலே வருகின்றன. இதுவும் கார்பனேட்தான், கரியமில வாயுதான். சொட்டு விட்டபோது நமக்கு எதுவும் தெரியவில்லை, வெந்நீரில் வைத்ததும் காட்டுகிறது.