பிடித்த எழுத்தாளர் பிடிக்காமல் போனால் புத்தகத்தை என்ன செய்வது? | சேலம் வ்லாக்

வணக்கம் மக்களே. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, நான் பேசுவது சரியாகக் கேட்கிறதா தெரியவில்லை. அம்மாபேட்டையில் தறி நிற்கட்டும் என்று காத்திருந்தால் வீடியோவே எடுக்க முடியாது. அதனால் ஆரம்பித்துவிடுகிறேன்.

இன்றைக்குத் தட்டுவடை செட் கிடையாது, ஏற்காடு கிடையாது. பரணைக் காலி செய்கிறேன். இந்த மழையில் பரண் சுவரில் ஓதம் ஏறிவிட்டது, வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள். மேலே இருந்த புத்தகம் எல்லாம் இப்போது என் கட்டில்மேல். இதோ, கேமராவைத் திருப்புகிறேன். பார்த்தீர்களா? அந்தப் பக்கம் மூன்று ஜவ்வரிசிச் சாக்கு. சேலத்தில் எதைக் கட்டினாலும் ஜவ்வரிசிச் சாக்குதான்.

கிழிந்ததையும் இரட்டைப் பிரதியையும் அனுப்புவதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு காலத்தில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய எழுத்தாளரை அனுப்புவதுதான் சிக்கல்.

முதலில் இவர். மாத நாவல்காரர். பெயர் சொல்ல மாட்டேன், அவர் ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள், நானும் இருந்தவள்தான். கையடக்கமாக, சாணித்தாளில், அட்டையில் கத்தியும் ஒரு பெண்ணின் கண்ணும். ஏற்காட்டில் சித்தி வீடு. லீவுக்குப் போகும்போது பழைய பஸ் ஸ்டாண்டில் ஒன்று வாங்கிக்கொண்டு ஏறுவேன். மலை ஏற இருபது கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள். நான் மட்டும் தலை நிமிராமல் படிப்பேன். இருபதாவது வளைவு திரும்புவதற்குள் கொலைகாரன் மாட்டிவிடுவான்.

நேற்று நாலைந்தைத் திரும்பப் படித்தேன். முதல் நான்கு பக்கத்தில் எந்தப் பெண் சத்தமாகச் சிரிக்கிறாளோ, அவள்தான் பிணம். எல்லாக் கதையிலும். பொறுமையாகக் காபி கொண்டுவந்து வைக்கிறவள் கடைசிவரைக்கும் உயிரோடு இருப்பாள். அப்போது இது எனக்குத் தெரியவில்லை, ஆனால் பதினைந்து வயதில் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன் என்று சித்தி இன்னும் சொல்வார். சரி, இவர் சாக்குக்குள்.

அடுத்து, வாழ்க்கையில் முன்னேறச் சொல்லிக்கொடுத்தவர். பக்கத்துக்குப் பத்து வரி சிவப்புப் பென்சிலில் கோடு போட்டிருக்கிறேன். கோடு போடாத வரியைத் தேட வேண்டியிருக்கிறது. சாக்கு.

இந்த அடுக்குதான் இரண்டு நாளாக அசையவில்லை. பதினொரு புத்தகம், ஒரே எழுத்தாளர், நல்ல எழுத்தாளர். கல்லூரியில் படித்தபோது, பத்தொன்பது வயதில், எனக்கு இவர் அண்ணன் மாதிரி. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கல்யாணம் பற்றி, கடவுள் பற்றி, மனிதர்கள் எவ்வளவு மோசம் என்பது பற்றி. நேற்று பின்னட்டையில் பிறந்த வருஷத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். இதை எழுதியபோது அவருக்கு முப்பத்து நான்கு. எனக்கு இப்போது நாற்பத்தேழு. புத்தகத்துக்குள் அவருக்கு வயதே ஏறவில்லை, அதே முப்பத்து நான்கில் அதே கோபத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். படிக்கப் படிக்க, "தம்பி, கொஞ்சம் பொறு, தண்ணீர் குடி" என்று சொல்ல வருகிறது. அண்ணன் தம்பியாகிவிட்டார், அவ்வளவுதான். சண்டை ஒன்றுமில்லை. ஒரு சிறுகதைத் தொகுப்பை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், மீதிப் பத்தும் போகட்டும்.

எங்கே போகட்டும் என்று கேட்பீர்கள். பழைய பேப்பர் கடைக்காரரைக் கேட்டேன். "செய்தித்தாள்னா நல்ல விலைக்கா, புக்குன்னா கம்மிதான்" என்றார். செய்தித்தாள் பொட்டலம் மடிக்க ஆகும், புத்தகத்தின் சின்னத் தாளில் கால் கிலோ கடலைகூட மடிக்க முடியாது. அதிலும் கெட்டி அட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுக்கச் சொல்கிறார். என் கையால் கிழிக்க மனசு வரவில்லை. அதனால் மாத நாவல் மட்டும் எடைக்கு.

நல்ல நிலைமையில் இருப்பதை நூலகத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம். 1948இல் வந்த பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலகத்துக்கும் ஒரு பங்கு போகிறது, நம் இடம்தான் அது. ஆனால் முன்கூட்டியே பட்டியல் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். சாக்கோடு போய் இறக்கிவிட்டு வராதீர்கள், பாவம் அவர்கள்.

அப்புறம், அனுப்பினால் திரும்பக் கிடைக்காதே என்ற பயம். நாட்டுடைமை ஆன எழுத்தாளர் என்றால் அந்தப் பயமே வேண்டாம். அரசே உரிமையை எடுத்துப் பொதுவில் விட்டுவிடுகிறது, 1949இல் பாரதியாரில் தொடங்கிய வழக்கம். அப்படிப்பட்ட புத்தகங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தேடிப் பாருங்கள். மற்றவர்களுக்கு, எழுத்தாளர் இறந்து அறுபது வருஷம்வரை உரிமை வாரிசுகளிடம்தான். நான் அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தேன். பாதிக்கு மேல் கிடைக்கிறது.

தங்கை மகளுக்குக் கொடுக்கலாம் என்றும் பார்த்தேன். எனக்கே ஆகாததை அவள் தலையில் கட்டுவதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, சரி, என்னைப் படிக்க வைத்தவர்தானே, அவளையும் படிக்க வைக்கட்டும் என்று அந்த அண்ணன் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இவர் ஒரே விஷயத்தையே சொல்றார் பெரியம்மா." எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆனது, அவளுக்கு மூன்று நாள்.

(குக்கர் விசில். இருங்கள், அணைத்துவிட்டு வருகிறேன்.)

இதுதான் கடைசி. கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன். பைண்டு செய்த தொடர்கதை. வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, அம்மா 1976இல் பைண்டு போட்டது. சணல் நூல் தையல், காலிகோ முதுகு. ஓரத்தில் பாருங்கள், பாதி ஜோக் ஒன்று. மீதிப் பாதி பைண்டு செய்தவர் வெட்டியதில் போய்விட்டது. ஐம்பது வருஷமாக அந்த டாக்டர் நோயாளியிடம் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. எழுத்தும் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தியது. 'லை'க்கும் 'னை'க்கும் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கிறதே, இதுதான். தங்கை மகள் இதைப் பார்த்துவிட்டு, யானை வந்துவிட்டது என்றாள்.

இந்த எழுத்தாளரையும் நான் எப்போதோ விட்டுவிட்டேன். இதே நாவல் அச்சுப் புத்தகமாகவும் என்னிடம் இருக்கிறது, அது சாக்கில் போட்டாயிற்று. இது போகாது. இருபத்திரண்டாவது அத்தியாயத்தைப் பாருங்கள். அச்சு இல்லை, கையெழுத்து. அந்த வாரப் பத்திரிகையை யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. எதிர்வீட்டு அக்கா வாயால் கதையைக் கேட்டு, அம்மா நோட்டுத் தாளில் எழுதிச் சேர்த்துவிட்டார், தும்பிக்கை 'லை'யோடு. மைகூட இன்னும் மங்கவில்லை.

சின்ன வயதில் இந்த இடத்தில் எனக்கு ஒரே குழப்பம். அம்மாவின் அத்தியாயத்தில் கதாநாயகி பெட்டியை எடுத்துக்கொண்டு, நகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். இருபத்து மூன்றாவது அத்தியாயத்தில் அவள் பாட்டுக்கு மாமியார் வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாள். எப்போது திரும்பி வந்தாள்? போன வாரம்தான் அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் அவள் கிளம்பவே இல்லை. மாமனார் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். நான்கு பக்கம் அழுகை.

அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. "எனக்கென்ன தெரியும், அந்த அக்கா அப்படித்தான் சொன்னாங்க" என்றார்.