கொழும்பில் எத்தனை எழுத்து?

வணக்கம் நேயர்களே. 'கொழும்பு' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? சின்னப் பிள்ளையும் விரல் மடித்து நான்கு என்று சொல்லிவிடும். கணினியைக் கேட்டால் எட்டு என்னும். பக்கத்து மேசைக் கணினி ஒன்பது என்னும். இரண்டும் பொய் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக நான் மூன்று இரவு தூக்கத்தைத் தொலைத்தேன்.

காப்புறுதி வேலை அது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வைத்தியசாலைகள் அனுப்பும் பட்டியல்கள் ஒரு நடு நிலையத்துக்கு வரும். அங்கே ஒரு மென்பொருள் நோயாளியின் ஊரைப் பார்த்து உரிய கிளைக்குத் திருப்பிவிடும். ஆகவே ஊர் அதற்குத் தெரிய வேண்டும்; யாருக்கு என்ன நோய் என்பது தெரியவே கூடாது.

"இணைய முகவரியில் பூட்டுப் படம் இருக்கிறதே, போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பூட்டு பாதைக்கு மட்டும்தான். புறக்கோட்டையில் ஏற்றிய பார்சல் பூட்டிய லொறியில்தான் போகிறது. ஆனால் வழியில் களஞ்சியத்தில் இறக்கி வேறு லொறிக்கு மாற்றும்போது யார் கையிலும் படலாம். லொறியைப் பூட்டினால் போதாது, பார்சலையே கட்டி அரக்கு முத்திரை வைக்க வேண்டும்.

கணினிகள் இணையம் வழியே ஒன்றோடொன்று பேசும் இணையச் சேவைகளில் அந்தக் கட்டும் முத்திரையும் முறைப்படி வகுக்கப்பட்டவை. கட்டு என்பது மறைகுறி, முத்திரை என்பது கையொப்பம். தகவலைக் குறிச்சொற்களுக்குள் வைத்து எழுதும் எக்ஸ்எம்எல் ஆவணத்தில் கையொப்பமிடவும், அதன் ஒரு பகுதியை மட்டும் மறைகுறியாக்கவும் 2002இல் விதிகள் வந்தன. அவற்றைச் செய்திப் பரிமாற்றத்தோடு இணைத்த டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி 2004இல் தர நிர்ணயமானது. அதைச் செயற்படுத்தும் அப்பாச்சி ராம்பார்ட் என்ற மென்பொருளில் இலங்கை இளைஞர்களின் உழைப்பு நிறைய உண்டு. இது நம்மூரில் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் சொல்லிக்கொள்வதில்லை.

திறப்புகள் சோடியாக இருக்கும். ஒன்றை நான் இரகசியமாக வைத்திருப்பேன், மற்றதை ஊருக்கே கொடுத்துவிடுவேன். கையொப்பமிடுவது என் இரகசியத் திறப்பால். பெறுபவருக்காக மறைப்பதற்கு அவருடைய பகிரங்கத் திறப்பு வேண்டும். கையொப்பத்துக்கு முன் முழுச் செய்தியையும் பிழிந்து 32 பைட் சாறு எடுக்கிறோம், எஸ்எச்ஏ-256 என்ற முறையில். செய்தியில் ஒரு புள்ளி மாறினாலும் சாறு அடையாளம் தெரியாமல் மாறிவிடும், கையொப்பமும் செல்லாது.

நாங்கள் முழுச் செய்திக்கும் கையொப்பமிட்டு, பிறகு பெயரையும் நோயையும் மட்டும் மறைத்தோம். இந்த வரிசை எனக்குப் பிடித்தது. மறைத்த பின் வெளியே போடும் கையொப்பத்தை வழியில் ஒருவன் கழற்றிவிட்டுத் தன்னுடையதை ஒட்டலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே அது தன் பார்சல் என்று சொல்லிக்கொள்வான்.

சோதனையில் கண்டி, காலி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாம் சரியாகப் போயின. கொழும்பும் திருகோணமலையும் மட்டும் 'கையொப்பம் செல்லாது' என்று திரும்பி வந்தன. அதுவும் ஒரேயொரு வைத்தியசாலையிலிருந்து. பட்டியல் தட்டச்சு செய்யும் அக்கா, "தம்பி, நான் சரியாகத்தானே எழுதியிருக்கிறேன்?" என்று திரையைக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. முதல் இரவு திறப்புகளைச் சந்தேகித்தேன். இரண்டாம் இரவு, எந்தத் திறப்பு யாருடையது என்று சொல்லும் சான்றிதழ்களை. மூன்றாம் இரவு, வேறு வழியில்லாமல், பைட் பைட்டாக எண்ணினேன். அனுப்பிய கொழும்பு 27 பைட். போய்ச் சேர்ந்த கொழும்பு 24.

கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் (ெ) அரவையும் (ா) தனித்தனியாகப் போடலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்றில் கொழும்பு எட்டுக் குறியீடு, மற்றதில் ஒன்பது; ஒவ்வொன்றும் மூன்று பைட். அக்காவின் பழைய தட்டச்சு மென்பொருள் இரண்டாகப் போட்டது. நடு நிலையத்து மென்பொருள் அதைப் பார்த்து, நல்ல எண்ணத்தோடுதான், ஒன்றாகச் சேர்த்துவிட்டது. 'கோ'வுக்கும் அதே கதி. நோயாளிகளின் பெயர்கள் தப்பியதற்குக் காரணம், அவை மறைகுறிக்குள் இருந்ததால் அதன் கை படவில்லை. கையொப்பத்துக்கு முன் எக்ஸ்எம்எல்லை ஒழுங்குபடுத்தும் ஒரு விதி இருக்கிறது. பண்புகளின் வரிசை, மேற்கோள் குறி போன்றவற்றை அது சீராக்கும். ஆனால் இந்தக் கொம்பு அரவு விவகாரத்தில் அது தலையிடாது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் பயம். 2005இல் மெக்கின்டோஷ், ஆஸ்டல் என்ற இரு ஆய்வாளர்கள் அதை எழுதிக் காட்டினார்கள். கையொப்பமிட்ட பகுதியை அப்படியே எடுத்து ஆவணத்தின் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் வேறு கட்டளையைச் செருகுவது. சரிபார்க்கும் நிரல் மூலையிலிருப்பதைப் பார்த்து, 'செல்லும்' என்கிறது. வேலை செய்யும் நிரல் புதிதாகச் செருகியதை வாசிக்கிறது. 2011இல் ஜெர்மனியின் போகும் (Bochum) என்ற நகரத்துப் பல்கலைக்கழகத்தார் அமேசானின் மேகக்கணிச் சேவையிலேயே இந்தக் குறையைக் கண்டுபிடித்தார்கள், அமேசான் திருத்தியது. 'கையொப்பம் செல்லுமா' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகும் நிரலை நான் நம்புவதில்லை. 'எதற்குச் செல்லும்' என்றும் கேட்க வேண்டும். சரிபார்த்த அதே பகுதியைத்தான் அடுத்த நிரலுக்குக் கொடுக்க வேண்டும்.

இன்று பலர் எக்ஸ்எம்எல்லைக் கைவிட்டு, தகவலை எழுதும் இன்னொரு வடிவமான ஜேசனுக்குப் போய்விட்டார்கள். அங்கே 2015இல் வந்த கையொப்ப முறை, உள்ளடக்கத்தை முதலில் வெறும் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் ஓரிரு குறிகளுமான ஒரு நீண்ட சரமாக மாற்றிவிட்டு அந்தச் சரத்துக்கே கையொப்பமிடுகிறது. வழியில் யாரும் அழகுபடுத்த ஒன்றுமில்லை. எங்களுக்கு அன்று அந்த வசதி இல்லை. அனுப்பும் இடத்திலேயே எல்லாத் தமிழையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பின் கையொப்பமிடும்படி மாற்றினோம். நடு நிலையத்தாரிடம் உள்ளடக்கத்தைத் தொட வேண்டாம் என்று எழுத்தில் வாங்கினோம்.

மறுநாள் காலை அந்த அக்கா தொலைபேசியில் கேட்டார்: "என்ன பிழை தம்பி?"

"கொழும்பில் ஓர் அரவு கழன்றிருந்தது அக்கா" என்றேன்.

"பூட்டியாயிற்றா?" என்றார். பூட்டியாயிற்று என்றேன்.