ஆறு நிமிடப் பாட்டு: எகிப்தியப் பேசும்படம் பிறந்த விதம்

அவையோருக்கு வணக்கம்.

எகிப்தின் முதல் பேசும்படம் எது என்று கேட்டால் சண்டை வரும். அதை முதலிலேயே முடித்துவிடலாம். 1932 மார்ச்சில் கெய்ரோவில் 'அவ்லாதுஸ் ஸவாத்' திரைக்கு வந்தது. 'மேட்டுக்குடிப் பிள்ளைகள்' என்று பொருள். இயக்கம் முஹம்மது கரீம், நாயகன் நாடகமேடைச் சிங்கம் யூசுஃப் வஹ்பி. அதே ஆண்டில் பாடகி நாதிரா நடித்த 'உன்ஷூதத்துல் ஃபுஆத்', அதாவது 'நெஞ்சின் பாட்டு', வந்தது. முன்னதற்கு முதல் பேசும்படம் என்ற பெயரும், பின்னதற்கு முதல் பாட்டுப்படம் என்ற பெயரும் கிடைத்தன. இரண்டுக்கும் ஒலி சேர்ந்த இடம் கெய்ரோ அல்ல, பாரிஸ்.

இன்று நான் எடுத்துக்கொண்டது வேறு கணக்கு. நிமிடக் கணக்கு. எகிப்தியப் பேசும்படத்தை நிறுத்திவைத்த பெரிய சிக்கல் பேச்சில் இல்லை, பாட்டின் நீளத்தில் இருந்தது என்பது என் கட்சி.

அன்றைய அரபுப் பாட்டு எப்படி நடக்கும்? 'தக்த்' என்று ஒரு சிறு வாத்தியக் குழு இருக்கும். மீட்டு வாசிக்கும் ஊத், பல தந்திகள் கட்டிய கானூன், வயலின், புல்லாங்குழல் வகையான நாய், கஞ்சிராவைப் போல சலங்கைத் தகடு கட்டிய ரிக். பாடுபவர் ஒரு வரியை எடுப்பார். சபை உருகினால் "இன்னொரு தரம்!" என்று குரல் எழும். அதே வரி வேறு சங்கதியோடு திரும்பி வரும். பத்து தரமும் வரும். கேட்பவரும் பாடுபவரும் சேர்ந்து ஏறும் அந்தக் கிறக்கத்துக்கு 'தரப்' என்று பெயர். அரை மணி நேரம் ஓடும் பாட்டு அங்கே அதிசயமில்லை. அதன் நீளம் தாளில் எழுதப்பட்டதல்ல. எதிரே இருப்பவர்களின் கையில் இருந்தது.

இசைத்தட்டு ஏற்கெனவே இதோடு மல்லுக்கட்டியிருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டில் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடம்தான். நீண்ட பாட்டைத் துண்டாக்கிப் பல பக்கங்களில் பதிந்தார்கள். கேட்பவர் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வீட்டில் அது நடக்கும். தியேட்டரில் நடக்காது.

இப்போது ஃபிலிமுக்கு வருவோம். ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு 16 சட்டமோ (ஃபிரேம்) 20 சட்டமோ, கொஞ்சம் முன்பின் ஆனாலும் கண் பொறுத்துக்கொள்ளும். காது பொறுக்காது. வேகம் துளி மாறினாலும் சுருதி ஆடிவிடும். அதனால் மோட்டார் வந்தது, வேகம் வினாடிக்கு 24 சட்டம் என்று நிலைத்தது. ஒரு அடிக்கு 16 சட்டம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம். அரை மணிப் பாட்டை அப்படியே எடுத்தால் 2700 அடி, கிட்டத்தட்ட மூன்று ரீல். கதை அங்கேயே உட்கார்ந்துவிடும்.

'நெஞ்சின் பாட்டு' அப்படித்தான் உட்கார்ந்தது. இசை ஸகரிய்யா அஹ்மத், பெரிய மேதை. நடிப்பில் ஜார்ஜ் அப்யத், அரபு நாடகத்தின் தூண். இயக்கியவர் மாரியோ வோல்பி என்ற இத்தாலியர். ஆள் பலத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் பாட்டுகள் மேடையின் நீளத்திலேயே வந்தன. நாதிரா பாட, கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. "இன்னொரு தரம்" என்று கேட்க எதிரே ஆளில்லாமல் வரிகள் திரும்பித் திரும்பி வந்தன. படம் விழுந்தது. இசையின் மேல் குற்றமில்லை. கச்சேரியைத் தூக்கித் திரையில் வைத்தால் பாதிக் கச்சேரிதான் வரும், மறுபாதி அரங்கில் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் பிடிபடவில்லை.

கேமரா ஏன் அசையவில்லை? சோம்பலால் அல்ல. ஆரம்பக் காலக் கேமராவின் கடகடப்பு மைக்கில் விழும். அதனால் கேமராவை ஆளோடு சேர்த்து ஒரு கூண்டுக்குள் அடைத்தார்கள், அல்லது கனத்த உறை போட்டார்கள். எதுவானாலும் நகர்த்துவது பாடு. வில்விளக்குகள் (ஆர்க் விளக்குகள்) சீறும், அதற்காகச் சூடு கக்கும் பல்புகளுக்கு மாறினார்கள். மைக் எல்லாப் பக்கமும் கேட்கும் சாதி, சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். ஒரே மைக்கில் தக்த் முழுவதையும் பிடிக்க வேண்டுமென்றால் கலவையை ஆட்களை நகர்த்தித்தான் செய்ய முடியும். பாடுபவர் அருகே, ஊத் அடுத்து, ரிக் தூரத்தில். ரிக்கின் சலங்கையொலியை அந்தக் கால ஒலிப்பதிவு முழுதாகப் பிடிக்கவும் பிடிக்காது. மேல் ஸ்தாயி அதிர்வுகள் பாதி வழியில் தொலைந்துபோகும்.

நாடகக் குரலுக்கும் இதே கதிதான். கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகிய தொண்டை மைக்கின் முன் ஓங்கினால், ஃபிலிமின் ஓரத்தில் ஒலியைத் தாங்கும் ஒளிக்கோடு தன் எல்லையைத் தாண்டி வெட்டுப்படும். தியேட்டரில் அது கரகரப்பாக வரும். அடக்கிப் பேசினால் நடிப்பு போய்விடும் என்று மேடைக்காரர்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

பாரிஸுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். ஒலிப்பதிவுக் கருவி மட்டும் இருந்தால் போதாது. ஃபிலிமின் ஓரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில் ஓடும் ஒளிப்பட்டைதான் ஒலி. படத்துக்கு ஒரு நெகட்டிவ், ஒலிக்கு ஒரு நெகட்டிவ். இரண்டையும் தனித்தனியே கழுவி, ஒரே பிரிண்டில் சேர்க்க வேண்டும். ஒலியைக் கறுப்பின் அடர்த்தியாக எழுதும் முறையில், கழுவும் ரசாயனத்தின் சூடும் நேரமும் பிசகினால் குரலே மாறிவிடும். கெய்ரோ வெயிலில் குளிர்பதனம் இல்லாத லேப் இதற்கு உதவாது. இதுவும் போக, புரொஜெக்டரில் படம் விழும் இடமும் ஒலி படிக்கும் இடமும் வேறு. அதனால் ஒரு சட்டத்துக்குரிய ஒலி அதற்கு 20 சட்டம் முன்னால், ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் தள்ளி, பிரிண்டில் இருக்கும். தியேட்டரில் ஃபிலிம் அறுந்து, ஆபரேட்டர் நாலு சட்டத்தை வெட்டி ஒட்டினால், உதடு ஓரிடத்தில் துள்ளும், சொல் வேறிடத்தில் விழுங்கப்படும். ஒட்டிய இடம் ஒலித்தலையைக் கடக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வேறு. அதை அடக்க ஒலிப்பட்டையில் முக்கோணமாகக் கறுப்பு மை பூசுவார்கள்.

இத்தனைக்கும் ஆளும் அறையும் பாரிஸில் தயாராக இருந்தன. ஆகவே 'அவ்லாதுஸ் ஸவாத்' பாதி ஊமையாகவும் பாதி பேச்சாகவும் தைக்கப்பட்டது. பேசும் காட்சிகளைப் பாரிஸில் எடுத்தார்கள். எகிப்தியன் ஒருவன் மனைவியை விட்டு ஒரு பிரெஞ்சுக்காரி பின்னால் போய்ச் சீரழியும் கதை. எகிப்திலிருந்த வெளிநாட்டவர் முகம் சுளித்தார்கள், உள்ளூர்க்காரர் திரண்டு வந்தார்கள். அதற்கு முன், தியேட்டரில் வெளிநாட்டுப் படம் ஓடும்போது பெரிய திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரையில் அரபு மொழிபெயர்ப்பு ஓடும். ஆபரேட்டர் கையால் நகர்த்துவார், சில நேரம் வசனம் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போகும். நாட்டில் பெரும்பாலானோருக்கு எழுத்தே தெரியாது. அவர்களுக்குத் திரை முதல் தடவையாகத் தெருப்பேச்சில் பேசியது.

அடுத்ததுதான் திருப்பம். கரீமிடம் 1933இல் பாடகரும் இசையமைப்பாளருமான முஹம்மது அப்துல் வஹாப் வந்து சேர்ந்தார். படம் 'வெள்ளை ரோஜா'. கரீம் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் தொழில் பழகியவர், பிடிவாதக்காரர். 1930இல் 'ஸைனப்' ஊமைப்படத்துக்குக் கிராமத்தையே கழுவவைத்தவர் என்று பெயர். அப்படிப்பட்டவர் பாட்டை மட்டும் அழுக்கோடு விடுவாரா? ஒரு பாட்டு சுமார் ஆறு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும் என்றார். ஃபிலிம் கணக்கில் 540 அடி. அப்துல் வஹாப் ஒப்புக்கொண்டார்.

குறைப்பது என்றால் கத்தரிக்கோலால் வெட்டுவதல்ல. அரபுப் பாட்டில் எதை எடுத்தால் நீளம் குறையும்? திரும்பி வரும் வரிகளை. ஆனால் தரப் குடியிருப்பதே அந்தத் திருப்பத்தில். அதை எடுத்தால் அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். அப்துல் வஹாப் வாத்தியத்தை வைத்தார், தாள மாற்றத்தை வைத்தார். லெபனான் கவிஞர் பிஷாரா அல்கூரியின் 'ஜஃப்னுஹு' என்ற கவிதையை ரும்பா தாளத்தில் பாடினார். இதன் துணிச்சல் புரிய ஒரு தேதி போதும். 1932 மார்ச்சில், அதாவது முதல் பேசும்படம் வந்த அதே வாரங்களில், கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியது. பார்டோக், ஹிண்டெமித் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் வந்திருந்தார்கள். கால் ஸ்வரம் பேசாத பியானோவை அரபு இசையில் சேர்க்கலாமா என்று அறிஞர்கள் தர்க்கித்தார்கள். மறுவருடமே சினிமா அவர்களைக் கேட்காமல் ரும்பா போட்டுவிட்டது!

'வெள்ளை ரோஜா' பெரும் வெற்றி. ஏழைக் குமாஸ்தா பணக்காரப் பெண்ணைக் காதலித்து, அவளை இழந்து, பாடகனாகிறான். கதையே பாட்டுக்கு இடம் விட்டு எழுதப்பட்டது, கவனியுங்கள். நாயகன் பாடகன் என்றால் பாட்டுக்குச் சாக்கு தேட வேண்டாம். அரபுத் திரை இந்தச் சாக்கை இருபது வருடம் விடவில்லை. அப்துல் வஹாப் 1946 வரை ஏழு படங்களில் நடித்தார், ஏழையும் இயக்கியவர் கரீம். நடிப்பில் அவர் கொஞ்சம் மரக்கட்டைதான், மறைப்பதற்கில்லை. யாரும் அவரை நடிப்புக்காகப் பார்க்கப் போகவில்லை.

ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கடல் தாண்டுவது எத்தனை நாள் நடக்கும்? வங்கியாளர் தல்அத் ஹர்ப் இதற்கு முன்பே கணக்குப் போட்டிருந்தார். 1920இல் மிஸ்ர் வங்கி, 1925இல் அதன் கீழ் நாடக, சினிமா நிறுவனம். பிறகு அஹ்மத் பத்ரகான், மோரிஸ் கஸ்ஸாப் இருவரையும் பிரான்சுக்கு இயக்கம் படிக்க அனுப்பினார். ஹஸன் முராத், முஹம்மது அப்துல் அஸீம் இருவரும் ஒளிப்பதிவு கற்க ஜெர்மனி போனார்கள். கட்டடத்துக்கு முன் ஆளைத் தயார்செய்ததுதான் இதில் புத்திசாலித்தனம். 1935 அக்டோபரில் கீஸாவில் ஸ்டூடியோ மிஸ்ர் திறந்தது. படத்தளம், ஒலிப்பதிவு, லேப், எடிட்டிங் எல்லாம் ஒரே வளாகத்தில். ஒலிப்பதிவில் முஸ்தஃபா வாலி, எடிட்டிங்கில் மியூனிக்கில் படித்த நியாஸி முஸ்தஃபா.

அலெக்சாண்ட்ரியாவில் இயக்குநர் டோகோ மிஸ்ராஹி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பாக்கோஸ் பகுதியில் ஒரு பழைய தியேட்டரையே ஸ்டூடியோவாக்கிக்கொண்டு நகைச்சுவைப் படங்களாக எடுத்துத் தள்ளினார். வரலாறு எழுதுபவர்கள் ஸ்டூடியோ மிஸ்ரின் பளபளப்பில் அவரை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

ஸ்டூடியோ மிஸ்ரின் முதல் கதைப்படம் 'விதாத்', 1936. புகழ்பெற்ற பாடகி உம் குல்தும் நாயகி. மம்லூக் சுல்தான்கள் எகிப்தை ஆண்ட காலத்து அடிமைப் பாடகி வேடம், ஆக இங்கும் அதே சாக்கு. இயக்க அமர்ந்த பத்ரகானை மாற்றி ஃப்ரிட்ஸ் கிராம்ப் என்ற ஜெர்மானியரிடம் படம் போனது. அந்த ஆண்டே வெனிஸ் விழாவிலும் காட்டினார்கள். இந்தப் படத்தில் ரியாத் ஸுன்பாத்தி இசையமைத்த 'அலா பலதில் மஹ்பூப்' என்ற பாட்டைத் திரையில் பாடுபவர் அப்து ஸுரூஜி. பாட்டு ஊரெங்கும் பிடித்துக்கொண்டது. பிறகு உம் குல்தும் அதைத் தாமே பதிவுசெய்தார். இன்று பலரும் அது முதலிலிருந்தே அவர் பாட்டு என்று நினைக்கிறார்கள்.

பேச்சின் தாளத்தைப் பிடித்தது இன்னொரு படம். 1937இல் நியாஸி முஸ்தஃபா இயக்கி நஜீப் ரீஹானி நடித்த 'ஸலாமா ஃபீ கைர்'. கடைப் பணத்தை வங்கியில் கட்டப் போன பணியாள், வங்கி மூடியிருக்க, பணத்தோடு ஒரு ஹோட்டலில் ஒதுங்குகிறான். அங்கே அவனை இளவரசன் என்று நினைத்துவிடுகிறார்கள். ரீஹானி ஓங்கிப் பேசுவதே இல்லை. முனகுகிறார், வார்த்தையைப் பாதியில் விடுகிறார், பெருமூச்சிலேயே பதில் சொல்கிறார். ஐந்தே ஆண்டில் மைக் மேடையை வென்றுவிட்டது. இந்தக் கெய்ரோப் பேச்சுதான் படங்களோடு சிரியா, லெபனான், இராக் என்று போய், தாங்கள் பேசாத வழக்கையும் அரபு மக்கள் எல்லாரும் புரிந்துகொள்ளவைத்தது.

நீண்ட பாட்டு என்ன ஆயிற்று? அது சாகவில்லை, வீடு மாறியது. 1934 மே 31இல் எகிப்து அரசு வானொலி தொடங்கியது. அலைவரிசைக்கு ரீல் கிடையாது, ஆயிரம் அடி எல்லை கிடையாது. உம் குல்துமின் கச்சேரிகள் மாதத்தின் முதல் வியாழன் இரவில் நேரடியாக ஒலிபரப்பாகத் தொடங்கின. "இன்னொரு தரம்" என்ற சபையின் குரலும் சேர்ந்தே காற்றில் போனது. அவர் ஆறு படங்களோடு 1947இல் திரையை விட்டார். மேடையை விடவில்லை.

1964இல் அவருக்காக முதன்முதலாக ஒரு பாட்டுக்கு இசையமைத்துக் கொடுத்தார் அப்துல் வஹாப். திரைக்காகப் பாட்டை ஆறு நிமிடமாக்கிய அதே மனிதர். பாட்டின் பெயர் 'இன்த உம்ரீ'. உள்ளே எலெக்ட்ரிக் கிதார் இருந்தது. மேடையில் அது ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடியது.