அவசரமே படாத அதிவேக நீச்சல்காரர்

நண்பர்களே, 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் போட்டியை டிவியில் பார்த்திருப்பீர்கள். 22 வினாடியில் கதை முடிந்துவிடும். எல்லாரும் தண்ணீரைப் போட்டு அடிப்பார்கள், நுரை பறக்கும். அந்தக் கூட்டத்தில் ரஷ்யாவின் அலெக்சாண்டர் பொப்போவ் மட்டும் ஏதோ பயிற்சிக்கு வந்தவர் மாதிரி நிதானமாக, நீளமாகக் கையைப் போட்டுப் போவார். கடைசியில் பார்த்தால் முதலில் சுவரைத் தொட்டதும் அவராகத்தான் இருக்கும்.

இவருக்குச் சின்ன வயதில் தண்ணீரென்றாலே பயமாம்! முதலில் பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்தும் முறை) நீந்தியவரை ஃப்ரீஸ்டைலுக்கு மாற்றியவர் பயிற்சியாளர் கென்னாதி துரெட்ஸ்கி. அவருடைய கணக்கு இதுதான்: வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிடும், அதனால் பலத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட உடம்பு தண்ணீரைக் கிழித்துப் போகும் வாகைச் சரிசெய்வதுதான் லாபம். ஆகவே பயிற்சியில் மெதுவாக நீந்த வைப்பார், கை பிசகாமல், இடுப்பும் தோளும் சேர்ந்து உருள. அந்த வாகு கெடாதவரைதான் வேகத்தைக் கூட்டுவது. மெதுவாக ஒழுங்காக நீந்துவது எவ்வளவு கஷ்டம் என்று நீச்சல் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

பலன்? 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 50, 100 மீட்டர் இரண்டிலும் தங்கம். 1996 அட்லாண்டாவில் மறுபடி இரண்டிலும். அங்கே 100 மீட்டரில் அமெரிக்காவின் கேரி ஹால் ஜூனியரை முந்தியது வெறும் 0.07 வினாடியில்.

ஊர் திரும்பிய அதே ஆகஸ்டில் மாஸ்கோ தெருவில் தர்பூசணி விற்பவர்களோடு தகராறு, வயிற்றில் கத்திக்குத்து. சிறுநீரகத்தை உரசியிருந்தது, உடனே அறுவை சிகிச்சை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு ஓய்வு பெற்றிருப்பார்கள், யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். இவர் அடுத்த வருடமே செவில்லில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார், அதுவும் இரண்டு தூரத்திலும்.

2000-ல் 50 மீட்டரை 21.64 வினாடியில் நீந்தி உலக சாதனை வைத்தார், அதை உடைக்க 2008 வரை ஆனது. ஆனால் அதே வருடம் சிட்னி ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் வெள்ளிதான், தங்கம் நெதர்லாந்தின் பீட்டர் வான் டென் ஹோகன்பாண்டுக்கு. சரி, இனி அவ்வளவுதான் என்றிருந்தபோது 2003 உலக சாம்பியன்ஷிப்பில், 31 வயதில், திரும்பவும் இரண்டு தங்கம்! என்னைக் கேட்டால் ஒலிம்பிக் பதக்கங்களைவிட இதுதான் பெரிசு. மறு வருடம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒரு தனிநபர் இறுதிப் போட்டிக்குக்கூட அவர் தகுதி பெறவில்லை.