எல்.டி.ஹெச். ஏறினால் உயிருக்கு ஆபத்தா? வூஹான் கணக்கும் அதில் இருந்த ஓட்டையும்

[திரையில்: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ஒரு வரி மட்டும் சிவப்பில்.]

வணக்கம். கொரோனா சமயத்தில் வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், இந்த வரி உங்களுக்குப் பழக்கப்பட்டிருக்கும். சி.ஆர்.பி., டி-டைமர், ஃபெரிட்டின், அந்த வரிசையிலேயே எல்.டி.ஹெச். முழுப்பெயர் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ். பெரியவர்களுக்கு லிட்டருக்குச் சுமார் 140 முதல் 280 யூனிட் வரை இருக்கலாம்; லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.

இந்த அளவு தாறுமாறாக ஏறினால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. எவ்வளவு தூரம் சரி?

[திரையில்: ஒரு செல். உள்ளே நொதிகள். செல்லின் சவ்வு கிழிந்து அவை ரத்தத்தில் கலக்கின்றன.]

எல்.டி.ஹெச். என்பது ஒரு நொதி. செல் சர்க்கரையை உடைக்கும்போது உண்டாகும் பைருவேட், லாக்டேட் என்ற இரண்டு பொருள்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றுவது இதன் வேலை. ஆக்சிஜன் போதாதபோது செல் சக்தியைத் தேற்றிக்கொள்ள இது உதவும். நுரையீரல், இதயம், கல்லீரல், தசை, சிவப்பணு என்று உடம்பில் இது இல்லாத இடமே கிடையாது என்று சொல்லலாம். ஆனால் இது வேலை செய்யும் இடம் செல்லுக்குள். ரத்தத்தில் அளவு ஏறுகிறது என்றால் எங்கேயோ செல்கள் உடைந்து கொட்டுகின்றன.

எங்கே? அதைத்தான் இந்த எண் சொல்லாது. எல்.டி.ஹெச்.சில் ஐந்து வகை உண்டு, ஆனால் வழக்கமான டெஸ்ட் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகத் தந்துவிடும். நுரையீரல் சிதைந்தாலும் ஏறும், கல்லீரல் வீங்கினாலும் ஏறும், ஜிம்மில் அளவுக்கு மீறி எடை தூக்கினாலும் ஏறும்.

 

[திரையில்: வூஹான், 2020.]

சரி, வூஹானுக்கு வருவோம். 2020 மே மாதம் சீன ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 485 கொரோனா நோயாளிகளின் ரத்தப் பரிசோதனைகளைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தபோது, அது மூன்றே மூன்று அளவுகளைப் பொறுக்கியது: எல்.டி.ஹெச்., உடம்பில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., லிம்போசைட் என்ற ஒருவகை வெள்ளையணுவின் சதவீதம். முதல் கேள்வியே எல்.டி.ஹெச்.தான். 365 யூனிட்டோ அதற்கு மேலோ என்றால், நேராக 'இறப்பார்' பக்கம். குறைவாக இருந்தால்தான் மற்ற இரண்டையும் பார்க்கும். 10 நாளுக்கும் முன்பே, 90 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொல்ல முடியும் என்றார்கள்.

படுக்கை கிடைக்காமல் ஆஸ்பத்திரிகள் திணறிய நேரம் அது. இவ்வளவு எளிமையான ஒரு விதி கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

[திரையில்: நெதர்லாந்து, பிரான்ஸ், நியூயார்க்.]

இந்த மூன்று இடங்களிலும் தங்கள் நோயாளிகளை வைத்து அதே விதியைச் சோதித்துப் பார்த்தார்கள். சொன்ன அளவுக்கு அது எங்கேயும் வேலை செய்யவில்லை. பிழைத்து வீடு திரும்பிய பலரையும் அது 'இறப்பார்' கணக்கில் சேர்த்திருந்தது.

காரணம் என்ன? இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். வூஹான் குழு கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசியாக எடுத்த ரத்தத்தை வைத்து. அதாவது இறப்பதற்கு முன்னால், அல்லது டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்னால் எடுத்த சாம்பிள். அந்த நேரத்தில் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிட்டிருக்கும். கடைசி ஓவரில் ஸ்கோரைப் பார்த்து யார் ஜெயிப்பார் என்று சொல்வது மாதிரி. ஆனால் டாக்டருக்குப் பதில் தேவைப்படுவது நோயாளி உள்ளே நுழையும் முதல் நாளில்.

இன்னொன்றும் உண்டு. விதியை உருவாக்கப் பயன்பட்ட 375 பேரில் 174 பேர் இறந்தவர்கள், கிட்டத்தட்ட பாதி. அவ்வளவு மோசமான கூட்டத்தில் கற்றுக்கொண்ட விதி, சாவு விகிதம் குறைவான ஆஸ்பத்திரியில் எல்லோரையும் பயமுறுத்தத்தான் செய்யும்.

அதற்காக எல்.டி.ஹெச். வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தீவிரமாகப் பாதிக்கப்பட்டவர்களிடம் அது அதிகம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். என் பார்வையில், ஒரு நாள் எண்ணைவிட நாலைந்து நாள் போக்கு முக்கியம். அதுவும் ஆக்சிஜன் அளவு, மூச்சு வேகம், வயது இவற்றோடு சேர்த்து. பிரிட்டனில் 35,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து உருவாக்கிய, கொரோனா நோயாளியின் இறப்பு ஆபத்தைக் கணிக்கும் '4சி' ஸ்கோரில் எட்டு அம்சங்கள் இருக்கின்றன. எல்.டி.ஹெச். அதில் இல்லவே இல்லை.

[திரையில்: இரண்டு டெஸ்ட் டியூப். ஒன்றில் தெளிந்த மஞ்சள் சீரம், இன்னொன்றில் சிவந்த சீரம்.]

அப்புறம், ரிப்போர்ட்டில் எல்.டி.ஹெச். திடீரென்று எகிறியிருந்தால், பதறுவதற்கு முன்னால் அடியில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். ரத்தம் எடுக்கும்போது அழுத்தி இழுத்தாலோ, டியூபைக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் டியூபிலேயே உடைந்துவிடும். அவற்றுக்குள் இருக்கும் எல்.டி.ஹெச். எல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். 'சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருக்கிறது' என்று லேபில் எழுதியிருந்தால், அந்த எண்ணை விட்டுவிட்டு வேறு ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.