கண்ணால் கண்ட ரோம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். பண்டைய ரோமைப் பற்றிய திரைப்படங்களையும் ஆவணப்படங்களையும் குறித்துப் பேச அழைத்திருக்கிறார்கள். பல்லாண்டுகள் கல்லூரியில் உலக வரலாறு கற்பித்த எனக்கு இது நெடுநாளாக நெஞ்சில் கிடக்கும் பொருள். வகுப்பில் நான் சொன்ன ரோமைவிடத் திரையில் பார்த்த ரோமே என் மாணவர்களின் நினைவில் ஆழமாகப் பதிந்திருந்தது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘கிளாடியேட்டர்’ 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதையடுத்து வந்த தேர்வொன்றில், ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் ஆட்சியைப் பற்றி எழுதுமாறு ஒரு வினா வைத்திருந்தேன். ஒரு மாணவி டானூப் எல்லைப் போர்களையும், பேரரசெங்கும் பரவிய கொள்ளைநோயையும், போர்முனையில் இருந்துகொண்டே அவர் எழுதிய சிந்தனைக் குறிப்புகளையும் மிக அழகாக எழுதியிருந்தாள். கடைசி வரியில், பேரரசரை அவருடைய மகன் கொமோடஸ் மார்போடு இறுக அணைத்து, மூச்சுத் திணறச் செய்து கொன்றான் என்று முடித்திருந்தாள். அந்த வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, ‘சான்று?’ என்று எழுதி, இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

மறுநாள் விடைத்தாளைக் கையில் பிடித்தபடி ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள். “புத்தகத்தில் நோயால் இறந்தார் என்றுதானே இருக்கிறது, அம்மா?” என்றேன். அவள் சற்றும் தயங்காமல், “நான் கண்ணால பார்த்தேனே, சார்!” என்றாள்.

கண்ணால் பார்த்தேன் என்பவளிடம் எந்த நூலைக் காட்டுவது? அது படம், கற்பனை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் நேயர்களே, கதை அத்துடன் முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் காசியஸ் டியோ எழுதிய ரோம வரலாற்றை நிதானமாகப் படித்தேன். டியோ கொமோடஸின் காலத்தில் செனட் அவையில் அமர்ந்திருந்தவர். மார்க்கஸ் அவுரேலியஸ் கி.பி. 180 மார்ச் 17 அன்று இறந்ததைச் சொல்லும் இடத்தில், அவரைக் கொன்றது நோயன்று என்றும், கொமோடஸின் மனத்தைக் குளிர்விக்க விரும்பிய மருத்துவர்களின் செயலே அது என்றும், இதைத் தாம் தெளிவாகக் கேள்விப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார். இன்றைய வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை. நோயால்தான் இறந்தார் என்றே கொள்கிறார்கள். மகன் தந்தையை அணைத்துக் கொல்லும் காட்சி படம் எடுத்தவர்களின் கற்பனைதான். ஆனாலும் இயற்கையான சாவு அன்று என்ற ஐயம் அந்தத் தலைமுறையிலேயே உலவியிருக்கிறது. ‘சான்று?’ என்று நான் கேட்ட கேள்விக்கு ஒரு விடை இருந்திருக்கிறது. அதைப் படமும் அவளுக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மாணவியை நினைக்கும்போதெல்லாம் இது எனக்கு உறுத்துகிறது.

ஒரு செய்தி நமக்கு எப்படித் தெரிய வந்தது, யார் சொன்னார், எப்போது சொன்னார், எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விகளைத் திரை விழுங்கிவிடுகிறது என்பதே என் குறை. அதே படத்தில், குடியரசை மீட்க விரும்பும் தந்தை மகனுக்கு அரியணை இல்லை என்கிறார். வரலாற்றிலோ, தந்தை இறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 177-இல், கொமோடஸ் இணைப் பேரரசனாக ஆக்கப்பட்டுவிட்டான். படத்தில் அவன் மல்லர்கள் பொருதும் அரங்கில் மடிகிறான். வரலாற்றில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் தனியாக ஆண்டு, 192-ஆம் ஆண்டின் கடைசி நாளில், நார்சிஸஸ் என்னும் மல்லனால் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டான்.

கதைக்காக மாற்றினார்கள் என்றால் அதில் எனக்கு வருத்தமில்லை. நாடகம் நாடகமாக இருக்கட்டும். ஆனால் உண்மையில் கிடைக்கும் காட்சி கற்பனையைவிட அழுத்தமாக இருக்கும்போது, அதைக் கைவிடுவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. டியோவே நேரில் கண்டு சொல்லும் ஒன்றைக் கேளுங்கள். கொமோடஸ் அரங்கில் ஒரு தீக்கோழியைக் கொன்று, அதன் தலையை அறுத்து, இடக்கையில் அந்தத் தலையும் வலக்கையில் இரத்தம் தோய்ந்த வாளுமாகச் செனட்டர்கள் அமர்ந்திருந்த இடத்தை நோக்கி வந்தான். வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாமல், இளித்தபடி தன் தலையை மட்டும் அசைத்தான். வருத்தத்தைவிடச் சிரிப்பே அவர்களுக்கு முட்டிக்கொண்டு வந்ததாம். சிரித்தால் அங்கேயே உயிர் போகும். டியோ தம் தலையில் சூடியிருந்த வாகை மாலையிலிருந்து சில இலைகளைப் பறித்து வாயிலிட்டு மென்றார். பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். வாய் அசைந்துகொண்டே இருந்ததால் சிரிப்பு வெளியே தெரியவில்லை. கொடுங்கோலன் ஒருவனின் முன்னால் இலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த முதியோர் அவையை எண்ணிப் பாருங்கள். இது அந்தப் படத்தில் இல்லை.

அரங்கில் தோற்ற மல்லனுக்குக் கட்டைவிரலைக் கீழே கவிழ்த்தால் சாவு என்பதை நாம் எல்லோரும் அறிவோம். பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள். இதை நமக்குக் கற்பித்தது ஜெரோம் என்னும் பிரெஞ்சு ஓவியர் 1872-இல் தீட்டிய ஓவியம். அதன் படி ஒன்றைக் காட்டித்தான் தயாரிப்பாளர்கள் ரிட்லி ஸ்காட்டை ‘கிளாடியேட்டர்’ படத்துக்கு இசைய வைத்தார்கள். பழைய இலத்தீன் கவிஞர் ஜுவெனல் ‘திருப்பிய கட்டைவிரல்’ என்று மட்டுமே சொல்கிறார். எந்தப் பக்கம் திருப்பியது என்று சொல்லவில்லை. ஓவியர் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டார்; திரை அதையே திரும்பத் திரும்பக் காட்டியது; இன்று அது வரலாறாகிவிட்டது.

ஆவணப்படம் என்று பெயர் சூட்டிக்கொண்டவற்றிடம் நான் இன்னும் கண்டிப்பாகக் கேட்பேன். கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்துப் புதையுண்ட பொம்பெய் நகரில், மட்கிப்போன உடல்கள் சாம்பலுக்குள் விட்டுச்சென்ற வெற்றிடங்களில் சாந்தை ஊற்றி உருவெடுக்கும் முறையை 1863-இல் ஃபியோரெல்லி கையாண்டார். அவ்வாறு எடுத்த உருவங்களில், தங்கக் காப்பு அணிந்த ஒருவர் குழந்தையோடு இருக்கும் உருவமும் உண்டு. தாயும் சேயும் என்றே அதை நெடுங்காலம் சொல்லி வந்தார்கள், பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள், நானும் கலங்கியிருக்கிறேன். 2024-இல் வெளியான மரபணு ஆய்வு, அந்தப் பெரியவர் ஓர் ஆண் என்றும், அவருக்கும் குழந்தைக்கும் இரத்த உறவு இல்லை என்றும் காட்டியது. அப்படியானால் அவர் யார்? வீட்டு ஊழியரா, அண்டை வீட்டாரா, ஓடும் வழியில் அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டவரா? தாய் என்று அடித்துச் சொல்லும் பின்னணிக் குரலுக்குப் பதிலாக, ‘இவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது’ என்று ஒரு குரல் சொன்னால், அந்தச் சாந்து உருவத்தை நான் இன்னும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பேராசிரியர் மேரி பியர்ட் 2012-இல் வழங்கிய தொலைக்காட்சித் தொடரில் படைகளையும் தீயையும் நம்பவில்லை. கல்லறைக் கல்வெட்டுகளின் அருகே நின்று, எழுத்துகளைத் தொட்டுக் காட்டி வாய்விட்டுப் படிக்கிறார். ரோமின் போர்டா மஜ்ஜோரே வாயிலருகே யூரிசாசெஸ் என்னும் ரொட்டிக்காரர் எழுப்பிய கல்லறை இருக்கிறது. தானியம் அரைப்பது, மாவு பிசைவது, அடுப்பில் இடுவது, சுட்ட ரொட்டியை நிறுப்பது என்று அவருடைய தொழில் முழுவதும் கல்லில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசர்களைப் பற்றி ஆயிரம் படம் எடுக்கட்டும். இந்த மாவு படிந்த கைகளைப் பற்றி ஒன்றாவது எடுக்கட்டும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிகழ்ச்சி அமைப்பாளர் கையை உயர்த்திவிட்டார். நம் மிளகைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். யவனரின் மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு பெயரும் முசிறியை அகநானூறு பாடுகிறது. கறி என்றால் மிளகு. அந்த மிளகைச் சேமிப்பதற்கென்றே டொமிஷியன் பேரரசர் கி.பி. 92-ஐ ஒட்டி ரோம் நகரின் நடுவே கிடங்குகள் கட்டினார். அவற்றின் எச்சங்கள் பின்னாளில் எழுந்த மாக்சென்டியஸ் மண்டபத்தின் அடியில் கிடக்கின்றன. அடுத்த முறை ரோம நகரம் திரையில் விரியும்போது, அந்தக் கிடங்கின் வாசலில் மூட்டை இறக்குகிறவர்கள் எங்காவது தென்படுகிறார்களா என்று பாருங்கள். வணக்கம்.