அரைக் கிலோ மணகோலமும் பத்தொன்பது மணி நேர விமானமும்

[காட்சி: கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பு. ஆத்தங்குடிக் கல் தரை. நடுவில் திறந்து கிடக்கும் பெட்டி.]

வணக்கம். திருச்சியிலிருந்து ராத்திரி சிங்கப்பூர் விமானம் என்றால் எங்கள் வீட்டில் மத்தியானமே தராசு வெளியே வந்துவிடும். பெட்டியின் கைப்பிடியில் மாட்டித் தூக்கிப் பார்க்கிற சின்னத் தராசுதான். போன மாதம் பெரியப்பா மகன் கிளம்பும்போது 30 கிலோ 500 கிராம் காட்டியது. டிக்கெட்டில் 30 கிலோதான். மணகோலப் பலகாரப் பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்து வைத்தான். அப்பத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டா, எம்புட்டுப் பெரிய ஏரோப்ளேன்! இந்த அரைக் கிலோவையா அது தூக்காது?"

அப்பத்தா பார்த்து வளர்ந்தது ரஜூலா கப்பல். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகிற கப்பல். தகரப் பெட்டி, பாய், ஊறுகாய் ஜாடி எல்லாம் ஏறும். அந்தக் கணக்கில் அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் விமானத்துக்குக் கணக்கே வேறு.

[காட்சி: உலக வரைபடம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை ஒரு வளைகோடு.]

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு எங்கும் நிற்காமல் பறக்கிறது. 15,300 கிலோமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட 19 மணி நேரம். 2020 நவம்பரில் தொடங்கிய இந்தத் தடம்தான் தூரக் கணக்கில் உலகச் சாதனை. இதற்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350 விமானம், 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையில் சுமார் 130 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். அதாவது, கிட்டத்தட்ட பாதி விமானம் எரிபொருள்.

ஏன் இவ்வளவு? நம் ஊர் உதாரணமே போதும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறோம் இல்லையா? வழியில் அன்னதானமே கிடையாது, மொத்தச் சாப்பாட்டையும் முதல் நாளே தலையில் சுமக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமை கூடினால் பசி கூடும். பசி கூடினால் இன்னும் கொஞ்சம் கட்டுச்சோறு வேண்டும். அந்தச் சோற்றைச் சுமக்கவும் தெம்பு வேண்டும். விமானமும் அப்படித்தான். கடைசி ஐந்து மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பதினான்கு மணி நேரமும் சுமந்தாக வேண்டும். அப்படிச் சுமப்பதற்கே தனியாக எரிபொருள் செலவாகும்.

அதனால் வேறு எதையாவது இறக்க வேண்டும். இதே நிறுவனத்தின் சாதாரண நெடுந்தூர ஏ350-இல் 253 இருக்கைகள். இந்த விமானத்தில் 161தான். எகானமி வகுப்பே கிடையாது. நம்மைப் போன்றவர்களைத்தான் முதலில் இறக்கியிருக்கிறார்கள் என்பது என் கருத்து! அப்பத்தாவின் அரைக் கிலோவால் எந்த விமானமும் விழுந்துவிடாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓர் அப்பத்தா இருக்கிறாரே.

[காட்சி: ஏரியில் மிதக்கும் கேட்டலினா விமானம். கறுப்பு வெள்ளைப் படம்.]

தூரத்தை விட்டு நேரத்தைப் பார்த்தால், சாதனை இன்னும் பழையது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போனது. அங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில், அதாவது வட்டிக்கடைகளில், இருந்த நம் செட்டிநாட்டவர்களுக்கு ஊரோடு தொடர்பு அற்றுப்போன காலம். ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இருந்த விமான வழியும் அறுந்தது. 1943-இல் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமான நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது. பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரி வரை, 5,600 கிலோமீட்டர், நடுவில் வெறும் இந்தியப் பெருங்கடல்.

நீரில் இறங்கும் அந்தச் சின்னக் கேட்டலினா விமானத்துக்கு வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர்தான். எதிரி கேட்டுவிடக் கூடாது என்று ரேடியோவில் பேசமாட்டார்கள். நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை பிடித்தார்கள். எரிபொருளுக்கு இடம் விட்டது போக, பயணிகள் மூன்று பேர், தபால் 69 கிலோ. அவ்வளவுதான். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிக்கும் என்பதால் 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர். அதிகபட்சம் 32 மணி 9 நிமிடம் வானத்திலேயே இருந்திருக்கிறார்கள். நேரக் கணக்கில் அதை இன்றைக்கும் வேறு எந்தப் பயணிகள் விமானச் சேவையும் முந்தவில்லை. நம் செட்டிநாட்டில் கிடக்கிற பழைய ஓடுதளமும் அதே போர்க்காலத்தில் போட்டதுதான்.

சரி, எரிபொருளை மிச்சப்படுத்த வேறு வழியே இல்லையா? உண்டு, காற்று. பல்லவன் எக்ஸ்பிரஸுக்குள் இன்ஜின் பக்கமாக நடப்பவர், ரயிலைவிடக் கொஞ்சம் வேகமாகச் சென்னைக்குப் போகிறார் அல்லவா? உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று அந்த ரயில் மாதிரி. 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ (போயிங் 747), புயல் காற்றோடு சேர்ந்து நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்விட்டது. தரைக் கணக்கில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம். ஏர் இந்தியா 2016-இல் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் விடாமல் பசிபிக் பக்கம் திருப்பியது. 1,400 கிலோமீட்டர் கூடுதல் தூரம், ஆனால் சுமார் இரண்டு மணி நேரம் மிச்சம். சுற்றுவழிதான், ஆனால் காற்று தள்ளிவிடுகிற வழி.

குட்டைச் சாதனையும் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னியில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு 2.7 கிலோமீட்டர். 53 விநாடியிலும் போயிருக்கிறார்கள். காரைக்குடியில் அந்த நேரத்துக்குள் ஆட்டோவில் பேரம்கூட முடியாது.

[காட்சி: இருக்கைகள் கழற்றப்பட்ட விமானத்தின் உட்புறம்.]

கடைசியாக, அப்பத்தாவின் கேள்விக்கு நேர் பதில். 1991 மே மாதம், எத்தியோப்பியாவில் உள்நாட்டுப் போர். 36 மணி நேரத்தில் 14,000-க்கும் மேற்பட்ட எத்தியோப்பிய யூதர்களை இஸ்ரேலுக்குக் கூட்டிப் போனார்கள். எல் அல் நிறுவனத்தின் ஒரு ஜம்போவில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஆட்களை ஏற்றினார்கள். ஒல்லியான மனிதர்கள், கையில் மூட்டை முடிச்சு கிடையாது. தூரமும் அமெரிக்கா இல்லை, சில மணி நேரம்தான். அதனால் எரிபொருளும் குறைவு. இறங்கும்போது எண்ணிக்கை 1,088. அதில் இரண்டு பேர் வானத்தில் பிறந்த குழந்தைகள்.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைகளுக்கு டிக்கெட் போட்டாங்களா?" என்றார்.

பொட்டலமா? அண்ணனின் சட்டைப்பையில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது.